அஞ்சு மணிச் செலவு

கடலூர் முதுநகரை இங்கே பெரும்பாலும் யாரும் முதுநகர் என்று சொல்வதில்லை. பஸ் கண்டக்டரிலிருந்து மீன்காரம்மா வரைக்கும் ஓ.டி.தான். ஓல்டு டவுன். என் கணவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கேயும் ஓ.டி. என்று ஒன்று உண்டு, அது ஓவர்டைம். ஓ.டி.யில் குடியிருந்துகொண்டு ஓ.டி.யை நம்பிப் பிழைக்கிற குடும்பம் என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்வோம். 2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்தக் கேலி கசந்துபோனது. "ஆர்டர் கம்மியாம். அடுத்த மாசம் ஓ.டி. கிடையாதுன்னு போர்டுல போட்டுட்டாங்க" என்றார் அவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

மாதம் 5,500 ரூபாய் அது. பள்ளிக்கூடம் திறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஃபீஸ், நோட்டு, யூனிபார்ம், ஷூ என்று கையிருப்பை அது ஏற்கெனவே துடைத்து எடுத்துப் போயிருந்தது. வீட்டில் ஐந்து பேர். ஒன்பதாவது படிக்கிற மகள், நாலாவது படிக்கிற மகன், நாங்கள் இரண்டு பேர், என் மாமியார்.

நான் திருப்பாப்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். பைப், பெயிண்ட், அரை கிலோ ஆணி, எல்லாவற்றுக்கும் பைசா சுத்தமாகக் கணக்கு வைப்பேன். என் வீட்டுக் கணக்கு மட்டும் மனக்கணக்கு. சொல்லவே வெட்கமாகத்தான் இருக்கிறது. மாசக் கடைசியில் "எங்க போச்சுன்னே தெரியலை" என்று சொல்லிவிட்டு அடுத்த சம்பளத்துக்குக் காத்திருப்பேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மகளின் போன வருஷத்து நோட்டில் பாக்கி இருந்த பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் ஜூன் மாதம் ஜிபே பண்ணியதை ஒவ்வொன்றாக எடுத்து எழுத ஆரம்பித்தேன். கடையில் பில் போட்டுப் பழகின கை. தேதி, தொகை, யாருக்கு என்று மூன்று கோடு போட்டதோடு, நாலாவதாக நேரம் என்று ஒரு கோடும் தானாகவே போட்டுவிட்டது.

அந்த நாலாவது கோடுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது.

மாசத்து மளிகை 6,200. பால், ஆவின் பச்சை பாக்கெட் தினம் ஒரு லிட்டர், 1,320. காய்கறி 2,400. மீன், கோழி, முட்டை 3,100. கேஸ் 820. இதெல்லாம் ஏறக்குறைய நான் நினைத்திருந்ததுதான். இதற்கு வெளியே சில்லறையாகப் போனது 4,780 ரூபாய். அதில் 3,915 ரூபாய் சாயங்காலம் 5 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் நடுவில் போயிருந்தது. காலையில் வீடு சிக்கனமாகத்தான் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் வேறு வீடாகிவிடுகிறது.

பிரித்துப் பார்த்தேன். பஜ்ஜி, போண்டா 60 ரூபாய் வீதம் பதினாறு தடவை. பாக்கெட் இட்லி மாவு 45 ரூபாய் வீதம் பதினைந்து. ராத்திரி பரோட்டா பார்சல் ஆறு தடவை, தடவைக்கு 220. பிஸ்கட், நூடுல்ஸ், பன், சிப்ஸ் என்று 640. ஷேர் ஆட்டோ 20 ரூபாய் வீதம் பதினாறு தடவை. ஒன்றும் பெரிய தொகை இல்லை. ஒன்றுகூட ஆடம்பரம் இல்லை. அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. பாதி பசிக்கு வாங்கியது, மீதி அலுப்புக்கு வாங்கியது.

சிக்கனம் என்றால் எல்லாரும் முதலில் சொல்வது தள்ளுபடி, மொத்தமாக வாங்குவது, கடை மாற்றுவது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவாகத் துவரம்பருப்பு எங்கே கிடைக்கும் என்று அலைந்தவள், மாதம் 675 ரூபாய்க்கு மாவு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை விஷயத்தை அத்தையிடம் சொன்னேன். அவர்கள் ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து பழைய மர அஞ்சறைப் பெட்டியை எடுக்கச் சொன்னார்கள். எவர்சில்வர் பெட்டி வந்த பிறகு அது சும்மாதான் கிடந்தது. கடுகு வாசனை இன்னும் போகவில்லை. "இதுல ஒரு அறையிலதான் உங்க மாமாவுக்குத் தெரியாம சிறுவாடு சேப்பேன். கடுகுக்கு அடியில" என்று சிரித்தார்கள். ஜூலை 1 திங்கட்கிழமையாக விழுந்திருந்தது. திங்கள் முதல் ஞாயிறு என்று எண்ணினால் மாதத்தில் நாலு முழு வாரம், கடைசியில் மூன்று நாள். ஐந்து அறை, சரியாக வந்தது. காய், மீன், சில்லறை மூன்றும் சேர்த்து ஜூனில் 10,280 ஆகியிருந்தது. ஜூலைக்கு 6,000 என்று முடிவு செய்தோம். நாலு அறையில் 1,350, கடைசி அறையில் 600. எல்லாம் நோட்டும் சில்லறையுமாக. சாயங்காலம் 5 மணிக்கு மேல் யாரும் போனில் காசு அனுப்பக் கூடாது என்பது ஒன்றே சட்டம். என் கணவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பாக்கெட்டில் நோட்டு வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருக்கும்.

முதலில் மாவைச் சரி செய்தேன். எங்கள் கார்டுக்கு ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி உண்டு. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் அந்த அரிசிக்குக் காசு கிடையாது. ஆனாலும் பாதி மாதம் வாங்காமலே விட்டுவிடுவோம். சோறு நன்றாக இருக்காது என்று ஒரு நினைப்பு. சோற்றுக்கு வேண்டாம், இட்லிக்கு அந்தப் புழுங்கலரிசி அருமை. அத்தை சொன்ன கணக்கு இது: நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு முழு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். அரிசியைத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் நாலைந்து தடவை அலச வேண்டும், இல்லையென்றால் அந்தக் குடோன் வாசனை மாவில் நிற்கும். ஐந்து மணி நேரம் ஊறல். உளுந்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும், அதிகமானால் பொங்காது. உளுந்தை முதலில் போட்டு, ஃபிரிட்ஜ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஓட விட வேண்டும். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி, தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டால் மிதக்க வேண்டும்.

முதல் தடவை கோட்டை விட்டேன். ஜூலை மாதப் புழுக்கத்தில் சாயங்காலம் ஆறரைக்கு அரைத்து வைத்து மறுநாள் காலை ஏழு மணிக்குத் திறந்தால், குண்டானிலிருந்து வழிந்து மேடை முழுக்க ஓடியிருக்கிறது. புளிப்பு நாக்கைச் சுண்டியது. அன்றைக்கு எல்லாருக்கும் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். அதற்கப்புறம் அத்தையின் யோசனைப்படி மாவை இரண்டாகப் பிரித்தேன். இன்றைக்கு வேண்டியதில் உப்பு போட்டு வெளியே. மீதியை உப்பு போடாமல், புளிக்க விடாமல், அரைத்த சூட்டோடு ஃபிரிட்ஜில். இரண்டு நாள் கழித்து அதைச் சாயங்காலம் வெளியே எடுத்து உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் காலைக்குப் புதுமாவு. ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வருகிறது. காசு போட்டு வாங்குவது கால் கிலோ உளுந்து மட்டும்தான், 35 ரூபாய். பாக்கெட்டில் அதே மாவு 135. இன்னொன்று, ஃபிரிட்ஜில் மாவு இருக்கிறது என்று தெரிந்தால் ராத்திரி எட்டு மணிக்குப் பரோட்டாக் கடை ஞாபகமே வருவதில்லை. மாவால் மிச்சமான காசைவிட, மாவு இருந்ததால் வாங்காமல் விட்ட பார்சலால் மிச்சமான காசு அதிகம்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை 25. கடையில் பருப்பு அப்போது 170க்கு மேல். கார்டுக்கு ஒரு கிலோதான், ஐந்து பேர் வீட்டுக்கு அது போதாதுதான். ஆனாலும் மூன்றும் சேர்த்தால் மாதம் 250 ரூபாய் நின்றது. பாமாயில் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் அப்பளம், வடகம் பொரிக்க மட்டும் வைத்துக்கொண்டேன்.

மளிகைக் கடையில் நான் கண்டுபிடித்தது இரண்டு. ஒன்று, சமையல் எண்ணெய்க் கவரைத் திருப்பிப் பார்ப்பது. சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் 910 கிராம் இருக்க வேண்டும். பார்க்க அதே அளவில் இருக்கிற சில பாக்கெட்டில் 850 கிராம்தான். விலை குறைவு என்று எடுத்தால் எடையும் குறைவு. இரண்டாவது, ஷாம்பு. பெரிய பாட்டில் வாங்கினால்தான் லாபம் என்று நினைக்கிறோம். மில்லி கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ரூபாய்ச் சரம்தான் மலிவு. அதிலும் மகள் பாட்டிலைக் கவிழ்க்கிற வேகத்தைப் பார்த்தால், சரம் தொங்குவதுதான் வீட்டுக்கு நல்லது. சாப்பாட்டு அரிசி வழக்கமான பொன்னி, 26 கிலோ மூட்டை. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. போட்ட பிறகு மில்காரர்கள் ஒரு கிலோ சேர்த்துக் கட்ட ஆரம்பித்த மூட்டை அது. ஜூன் மூட்டை முப்பது நாள்கூட வரவில்லை. டிபன் ரேஷன் அரிசிக்கு மாறியதும் ஜூலை மூட்டை ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வரை வந்தது.

இனி பஸ் ஸ்டாண்டு. எனக்கு ஆறு மணிக்கு வேலை முடியும். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே எண்ணெய்ச் சட்டி வாசனை வந்து கையைப் பிடித்து இழுக்கும். இரண்டு வாழைக்காய் பஜ்ஜி நின்றுகொண்டே சாப்பிட்டு, பிள்ளைகளை விட்டுவிட்டுச் சாப்பிடுகிறோமே என்ற குற்ற உணர்ச்சியில் நாலு கட்டி வாங்கிக்கொள்வேன். கையில் பார்சல், தோளில் பை, டவுன் பஸ்ஸில் கூட்டம். சரி, ஷேர் ஆட்டோ. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அப்படியிருந்தும் மாதத்தில் பதினாறு நாள் நான் காசு கொடுத்து ஆட்டோவில் போயிருக்கிறேன். காரணம் அவசரம் இல்லை, பசி.

ஜூலை இரண்டாம் தேதியிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் எடுத்துப்போனேன். ஐந்து மணிக்கு, கல்லாவில் கூட்டம் குறைகிற நேரத்தில், அதை மென்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். அவ்வளவுதான். ஆறு மணிக்கு எண்ணெய்ச் சட்டி அங்கேயேதான் இருந்தது, வாசனையும் வந்தது, கால் நிற்கவில்லை. பசி இல்லாததால் பத்து நிமிஷம் பஸ்ஸுக்கு நிற்க முடிந்தது. ஐந்து ரூபாய்க் கடலை எண்பது ரூபாயைக் காப்பாற்றியது. அந்த மாதம் ஆட்டோவில் ஏறியது மூன்றே தடவை, அதில் இரண்டு தடவை மழை.

வீட்டில் மட்டும் இது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. முதல் வாரம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமை தெருவில் குட்டி யானை வண்டி ஒன்று மைக்கில் கத்திக்கொண்டு வந்தது. "பெரிய வெங்காயம் மூணு கிலோ நூறு, மூணு கிலோ நூறு." கடையில் கிலோ 42. விடுவேனா? 300 ரூபாய்க்கு ஒன்பது கிலோ வாங்கி, பிளாஸ்டிக் அன்னக்கூடையில் கொட்டி, மேடைக்கு அடியில் தள்ளிவிட்டேன். நடுவில் இரண்டு நாள் சாயங்கால மழை. எங்கள் வீடு ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில், சுவரே வேர்க்கிற வீடு. பத்து நாளில் ஒரு நாற்றம். எலிதான் செத்துவிட்டது என்று வீட்டையே புரட்டிப் பார்த்தால், கூடையின் அடியில் வெங்காயம் கூழாகிக் கிடக்கிறது. மூன்று கிலோவைக் குப்பையில் கொட்டினேன். அப்படியானால் மிஞ்சிய ஆறு கிலோவுக்கு 300, கிலோ 50. கடை விலையைவிட எட்டு ரூபாய் அதிகம் கொடுத்து, ஒரு வாரம் நாற்றத்தையும் வாங்கியிருக்கிறேன். வண்டிக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. வெங்காயத்தைக் காற்றாடப் பரப்பி வைக்க இடமில்லாத வீட்டில் இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கக் கூடாது. இந்த ஊர் ஈரத்தில் ரவை, மைதாவுக்கும் அதே கதைதான், மூன்றாவது வாரம் வண்டு வந்துவிடும்.

இந்த 300 ரூபாயால் முதல் அறை சனிக்கிழமையே காலியாகிவிட்டது. இரண்டாவது அறையிலிருந்து 200 கடன் எடுத்து, "முதல் வாரம் – 200" என்று துண்டுச் சீட்டு எழுதிப் போட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது, என் மேலேயே. அந்தக் கோபத்தில் இரண்டாவது வாரம் ரொம்ப இறுக்கிவிட்டேன். திங்கள் ரசம், அப்பளம். செவ்வாய் மோர்க்குழம்பு, வடகம். புதன் மறுபடியும் ரசம். சாயங்காலம் ஒன்றும் கிடையாது, பால் மட்டும்.

புதன்கிழமை நான் வீட்டுக்குள் நுழையும்போது மகன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். கையில் பாதி தின்ற பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். என்னைப் பார்த்ததும் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். காசு ஏது என்று கேட்டேன். அக்கா கொடுத்தாள் என்றான். அவள் தன் உண்டியலைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்திருக்கிறாள். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ரச சாதம் அப்படியே இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை உள்ளேயிருந்து வந்தார்கள். "இத பாரும்மா, கணக்கு எழுது, வேணாங்கல. பிள்ளைங்க தட்டுல கைய வெக்காத. கைய வெக்கணும்னா உன் போன்ல வை." அதோடு விடவில்லை. "சாயங்காலத்த எங்கிட்ட வுட்டுடு. தினம் இருபது ரூவா குடு, நான் பாத்துக்கறேன்."

பெட்டியிலிருந்து வாரத்துக்கு 140 ரூபாய் அத்தை இலாகாவுக்குப் போனது. நாலரை மணிக்குப் பிள்ளைகள் வரும்போது ஏதாவது ஒன்று சூடாக இருக்கும். ஒரு நாள் தோலோடு அவித்த வேர்க்கடலை. ஒரு நாள் காராமணிச் சுண்டல். பக்கத்து வீட்டு முருங்கைக் கீரையைப் போட்டுக் கேழ்வரகு அடை. அவலும் வெல்லமும் தேங்காயும். பண்ருட்டிப் பலா முடிகிற சமயம், சுளைக்கடையில் கொட்டையை ஒரு பை பத்து ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அதை அவித்துத் தோலுரித்து மிளகாய்த்தூள் போட்டு வறுத்தால் பஜ்ஜிக்குப் பதில் சொல்லும். முதல் நாள் மகன் முகத்தைத் தூக்கினான். "ஆயா, இதுல சாஸ் இல்லையே." "பூண்டு இருக்குடா, தின்னு" என்று பதில் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து இன்றைக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

காய்க்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்த திட்டம், எங்கள் ஊரிலும் நடக்கிறது. விளைவித்தவர்களே விற்கிற இடம். அன்றன்றைக்கு விலையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள், பேரம் பேசுகிற வேலை இல்லை. பலன் விலையில் மட்டும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருத் தள்ளுவண்டி அண்ணனிடமும் சில நாள் அதே விலைதான். வாரத்துக்கு ஒரு தடவை போனதில்தான் பலன். ஆனால் ஒரு தடவை வாங்கினால் ஒரு வாரம் வர வேண்டுமே. அதற்கு வாடுகிற வரிசையில் சமைக்க வேண்டும். ஞாயிறு, திங்கள் கீரை. செவ்வாய், புதன் வெண்டை, கத்தரி, அவரை. வியாழனிலிருந்து வாழைக்காய், சுரைக்காய், முருங்கை, பூசணிக் கீற்று. சேனையும் கருணையும் கேட்பாரில்லாமல் அடுத்த வாரம் வரைக்கும் உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் நான் வாங்கின அன்றே முருங்கை சாம்பார் வைத்து, வெண்டையை முற்றவிட்டுத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் இருக்க முடியாது. எங்களால் முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுக்க மீன்பிடித் தடை. அப்போது மீன் விலை ஆளை மிரட்டும். ஜூன் மாதம் மீனுக்கும் கோழிக்கும் 3,100 ஆனதில் அந்தத் தடைக்கும் பங்கு உண்டு. தடை முடிந்து போட்டுகள் வந்துபோக ஆரம்பித்ததில் ஜூலையில் விலை இறங்கியது. அப்போதும் வஞ்சிரம் பக்கம் நாங்கள் போவதில்லை. எங்களுக்குக் கவலைதான். மத்தியை இங்கே கவலை என்பார்கள். கிலோ 100 ரூபாய்க்கு வாங்கிவந்து, "இந்த மாசம் ஞாயித்துக்கிழமையும் கவலைதானா" என்று இவர் ஒரு தடவை கேட்டு, நாங்கள் எல்லாரும் சிரித்து, அது வீட்டில் நிரந்தர ஜோக்காகிவிட்டது. கவலையைக் குழம்பு வைப்பதென்றால் புளி தூக்கலாக, மாங்காய் கிடைத்தால் இரண்டு கீற்று போட்டு, முதல் நாள் ராத்திரியே வைத்துவிட வேண்டும். மறுநாள் ருசி வேறு. முள்தான் பிள்ளைகளுக்குத் தொல்லை, அதனால் நெத்திலி.

ஜூலை 8 திங்கட்கிழமை அத்தை பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு காராமணிக்குப்பம் சந்தைக்குப் போனார்கள். நெல்லிக்குப்பம் போகிற வழியில் திங்கட்கிழமைதோறும் கூடுகிற சந்தை, கருவாட்டுக்குப் பேர் போனது. இரண்டு பஸ் மாறிப் போய், நெத்திலிக் கருவாடும் ஒரு துண்டு பன்னாக் கருவாடும் வாங்கி வந்தார்கள். ஓ.டி.யில் கிடைக்காத கருவாடா என்று கேட்டால், "அங்க போனா நாலு பேரப் பாக்கலாம்" என்றார்கள். அந்தக் கருவாடு நாலு வாரம் வந்தது. கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு ஒரு குழம்பு வைத்தால் கூடுதல் பொரியல் எதுவும் வேண்டாம், ஒரு பருக்கை மிஞ்சாது. ஜூலை மாதம் கோழி இரண்டே தடவை எடுத்தோம். முட்டையைக் குறைக்கவில்லை. பாலையும் குறைக்கவில்லை.

கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவதால் ஜூலைக் கணக்கில் வரவில்லை. வெயில் காலத்து பில்லில் எங்களுக்கு 530 யூனிட். அப்போது 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம் என்பது தெரியும். 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்குமான யூனிட்டுக்குக் கிடைக்கிற பாதி விலையும் போய்விடும் என்பது பில்லை உட்கார்ந்து பிரித்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கடைசி முப்பது யூனிட்டுக்காக மட்டும் நானூற்றுச் சொச்சம் அதிகமாகக் கட்டியிருந்தோம். இப்போது ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் எழுதி, நாற்பதாம் நாள் மீட்டரை ஒரு தடவை எட்டிப் பார்க்கிறோம். 400க்கு மேல் போயிருந்தால் ராத்திரி எல்லாரும் ஒரே அறையில் படுப்போம்.

மூன்றாவது வாரம் ஆடி பிறந்தது. ஜூலை 17. லாரன்ஸ் ரோட்டில் நடந்தால் இரண்டு பக்கமும் ஆடித் தள்ளுபடித் தட்டி. நான் தினம் அந்தப் பக்கம்தான் நடக்க வேண்டும். ஒரு நைட்டி 150 ரூபாய் என்று வெளியிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். கையில் இருந்தது பஸ்ஸில் கொடுக்கத் தேவையில்லாத இருபது ரூபாய்த் தாள் ஒன்று. போனை எடுத்தால் முடிந்துவிடும். மணி ஆறு பத்து. எடுக்கவில்லை. பெரிய வைராக்கியம் எல்லாம் இல்லை, போன் பைக்கு அடியில் டப்பாவுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. தேடுகிற நேரத்தில் பஸ் வந்துவிட்டது. அந்த நைட்டி எனக்கு உண்மையிலேயே தேவையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்டில் போய்க் கேட்டேன், என் அளவு தீர்ந்துவிட்டது.

முதல் ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குப் படைக்க, வெற்றிலை பாக்கு, பூ, எலுமிச்சம்பழம் என்று 180 ஆனது. அதைப் பட்டியலில் போடவே மறந்திருந்தேன். பரோட்டாவும் முழுசாக நிற்கவில்லை. மாதம் இரண்டு தடவை என்று வேண்டுமென்றேதான் வைத்திருந்தோம். அன்றைக்கு நானும் அடுப்பைப் பார்க்க மாட்டேன்.

ஜூலை 31 ராத்திரி மறுபடியும் நோட்டு. மளிகை 5,350. பால் 31 நாளுக்கு 1,364. கேஸ் 820. அஞ்சறைப் பெட்டி 6,000, அது போதாமல் அத்தையின் சிறுவாட்டிலிருந்து வாங்கியது 340. மொத்தம் 13,874. ஜூனில் 18,620. குறைந்தது 4,746 ரூபாய். ஓ.டி. போன 5,500ஐ ஈடுகட்ட இன்னும் 754 துண்டு விழுந்தது. அதை ஏலச்சீட்டுக்கு ஐந்து நாள் தள்ளிக் கட்டிச் சமாளித்தோம். சீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வை மட்டும் பார்த்தார்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஓ.டி. திரும்ப வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் இவர் எண்ணெய் கசிகிற பார்சலோடு வந்து நின்றார், என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்துக்கொண்டு. அவித்த கடலை ஏற்கெனவே தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். அத்தை பார்சலைப் பிரித்து ஆளுக்கு ஒரு பஜ்ஜி வைத்தார்கள். தனக்கு எடுத்த பஜ்ஜியைப் பிட்டு, வாழைக்காய் எவ்வளவு மெலிசு என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்கள்.

"எவ்ளோடா?"

"அறுபதும்மா. நோட்டாத்தான் குடுத்தேன்."

"சரி. அந்த முந்நூத்து நாப்பது எப்ப வரும்?"